ஆள் குறைந்த வரிசை

உஜோங் பாசிர், மலாக்கா
14 மே 2018

மதிப்பிற்குரிய சம்பந்தி கூ தெங் ஹாய் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தில் ஐந்து அம்சங்கள் உள்ளன. முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன். பாதியில் கோபம் வந்து நீங்கள் மடித்து வைத்துவிட்டாலும் முழு விவரமும் தலைப்பளவிலாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

1. நாம் ஏன் இனித் தொலைபேசியில் பேசாமல் எழுத வேண்டும்.
2. பேத்தியின் உடல்நிலை: டாக்டர் சொன்னதும் நான் புரிந்துகொண்டதும். (இரண்டும் ஒன்றாக இல்லாமலும் இருக்கலாம்.)
3. பள்ளியில் நடந்தது.
4. என் வீட்டில் அவளை யாரும் எந்த வரிசையிலும் நிறுத்த மாட்டார்கள் என்ற வாக்குறுதி.
5. நீங்கள் இப்போதைக்கு இங்கே வரக்கூடாது என்ற என் தாழ்மையான கருத்து.

ஒரு முன்குறிப்பு. நாங்கள் அவளை பெல்லா என்கிறோம், நீங்கள் சியூ லான் என்கிறீர்கள். எதை எழுதினாலும் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும் என்பதால் இந்தக் கடிதத் தொடர்பு முழுவதும் 'பேத்தி' என்றே எழுதுவேன். நமக்கு வேறு பேத்தி இல்லாதது இந்த விஷயத்தில் வசதி.

முதல் அம்சம். சென்ற ஞாயிறு நாம் தொலைபேசியில் பேசிக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். இருவருக்கும் காது மந்தம் என்பதால் பேசியதில் பாதி "என்ன? என்ன?" என்பதே. மீதிப் பாதியில், சுற்றுலாப் பயணிகள் முன்னால் குழந்தையை எங்கள் போர்த்துகீசிய ஆட்டம் ஆட வைக்கிறோம் என்று நீங்கள் எங்களைச் சொன்னீர்கள். உங்கள் குலத்தாரிடம் அவளை "வெயிலில் கொஞ்சம் கருத்துப்போனவள்" என்று சொல்லிச் சமாளிக்கிறீர்கள் என்று நான் உங்களைச் சொன்னேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் படுத்திருந்தாள். எழுந்துபோய்க் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டவள், அவள் அம்மா கோலாலம்பூரிலிருந்து கிளம்பி வந்து சேரும்வரை திறக்கவில்லை. என் மகள் மார்லின் திரும்பிப் போகக் காரில் ஏறும்போது சொன்னாள்: "அப்பா, நீங்களும் மாமாவும் போன்ல பேசினா தெருமுனைக் கடைக்குக் கேக்குது. இனிமே அவளைப் பத்தி எதாச்சும் பேசணும்னா கடுதாசி எழுதுங்க. கத்திக் கடுதாசி எழுத முடியாதுல்ல."

இரண்டாவது. டாக்டர் ரோஹானி சொன்னது: இது மனப்பதற்றம். திடீரென்று மூச்சு அடைக்கும், நெஞ்சு படபடக்கும், செத்துவிடுவோம் என்று தோன்றும். சாவதில்லை. மருந்து உண்டு, பேச்சு உண்டு, நாளாகும். நான் புரிந்துகொண்டது: அவளைத் தொந்தரவு செய்யக்கூடாது. அதனால் வீட்டுக் கதவுகள் அத்தனைக்கும் எண்ணெய் போட்டுவிட்டேன்.

மூன்றாவது. உங்கள் மகன் பூன் கியட் உங்களிடம் சுருக்கமாகவே சொல்லியிருப்பார். பள்ளியில் ஒற்றுமை நாள் பாட்டு ஒன்று உண்டு. மலாய் வரிசை, சீன வரிசை, இந்திய வரிசை, சரவாக் பழங்குடி வரிசை என்று ஒவ்வொன்றாக முன்னால் வந்து ஒரு அடி பாடிவிட்டுப் பின்னால் போகும். நம் பேத்தியை ஆரம்பப் பள்ளியிலிருந்தே எந்த வரிசையில் ஆள் குறைகிறதோ அங்கே நிறுத்துவார்கள். எந்த உடை போட்டாலும் அந்த உடைக்காரி மாதிரி இருப்பாள். "உனக்கு எல்லாமே பொருந்துதும்மா" என்று ஆசிரியைகள் சொல்வதை நாமும் பெருமையாகத்தான் கேட்டோம். உங்களிடம் சீனச் சியோங்சாம் போட்ட படம் இருக்கிறது, என்னிடம் மற்றவை.

இந்த ஏப்ரலில் அம்மை போட்டு நாலு வரிசையிலும் ஆள் குறைந்துவிட்டது. ஒரே பாட்டில் நாலு உடை. மலாய் பாஜு குரோங்கைக் கழற்றிச் சியோங்சாம், அதைக் கழற்றிச் சேலை. சேலை பாதி அவிழ்ந்திருக்கும்போதே தலையில் சரவாக் கிரீடத்தை வைத்திருக்கிறார்கள். அங்கேதான் மூச்சு நின்றிருக்கிறது. கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். வெளியே பாட்டு முடிந்து, கை தட்டி, எல்லோரும் பேருந்து ஏறிவிட்டார்கள். ஒவ்வொரு வரிசையும் அவள் அடுத்த வரிசையில் இருப்பதாக நினைத்துக்கொண்டது. மறுநாளிலிருந்து பள்ளி வாசலைத் தாண்ட முடியவில்லை. அதனால்தான் கோலாலம்பூரிலிருந்து என்னிடம் அனுப்பி வைத்திருக்கிறார்கள். ஜூலை முதல் வாரத்திற்குள் வராவிட்டால் இந்த ஆண்டுப் படிப்பு வீண் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். வகுப்புத் தோழிகள் முன்னே போய்விட்டால் இவள் திரும்பிப் போகவே மாட்டாள் என்பது மார்லினின் பயம். என் பயமும் அதுவே.

நான்காவதை விளக்கத் தேவையில்லை. வாக்குறுதி.

ஐந்தாவது. தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். (அ) உங்கள் குரல். (ஆ) உங்கள் கேள்விகள். (இ) டுரியான் பழப் பருவத்தில் உங்கள் சட்டையின் வாசம்.

பணிவுடன்,
அலோய்சியஸ் தெசேரா

*

பாலிக் புலாவ், பினாங்கு
20 மே 2018

அலோய்சியஸ்,

1. சரி.
2. புரியவில்லை.
3. தெரியும்.
4. பார்க்கலாம்.
5. நீர் யார் சொல்ல?

உம்மைப் போல் எனக்கும் எண் போட்டு எழுத வரும். ஆனால் நில அளவை அலுவலகத்தில் முப்பது வருஷம் கோடு போட்டவர் நீர். நான் மரத்தடியில் நிற்பவன். எண்கள் இத்தோடு போதும்.

மூச்சு அடைக்கிறது என்றால் உடம்பில் காற்று ஏறியிருக்கிறது. பேருந்துப் பார்சலில் வேர் அனுப்பியிருக்கிறேன். கறுப்புக் கோழி வாங்கி, வேரைப் போட்டு, சட்டி பாதியாகும்வரை கொதிக்க வைத்துக் கொடும். உங்கள் ஊர்க் காரக் குழம்பைக் கொடுக்காதீர். அதைத் தின்றால் எனக்கே மூச்சு நின்றுவிடும்.

மனசுக்கு டாக்டர் என்று கேள்விப்பட்டதில்லை. எங்கள் காலத்தில் மனசு சரியில்லை என்றால் காட்டுக்குப் போய் மரத்தை ஏசுவோம். மரம் ஒன்றும் சொல்லாது. ஆனால் பூன் கியட் போனில் அழுதான். அவன் அம்மா செத்தபோதுகூட என் முன்னால் அழாதவன். அதனால் டாக்டரைப் பற்றி இதற்குமேல் பேசவில்லை.

கதவுக்கு எதற்கு எண்ணெய்? வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு திருடன் மாதிரி நடக்கிறீரா?

அவள் சாப்பிடுகிறாளா, எதற்காவது சிரித்தாளா, இதை மட்டும் எழுதும். உட்பிரிவு வேண்டாம். இங்கே காய் இறங்க ஆரம்பித்துவிட்டது. குரங்குகளும் வந்துவிட்டன. தோட்டத்தை விட்டு நகர முடியாது. ஆகவே நான் வரமாட்டேன். நீர் சொன்னதற்காக இல்லை.

கூ தெங் ஹாய்

*

உஜோங் பாசிர்
31 மே 2018

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உட்பிரிவு இல்லாமல் எழுத முயல்கிறேன். பழக்கமில்லாததால் ஏதாவது விட்டுப்போகக்கூடும்.

சாப்பிடுகிறாள். வேர் வந்தது. கறுப்புக் கோழியைச் சந்தையில் கேட்டு வாங்கிக் கொதிக்க வைத்தேன். தெருவே வந்து என்ன செத்தது என்று விசாரித்தது. பேத்தி ஒரு கிண்ணம் முழுவதும் குடித்துவிட்டு, "ஆ கொங் என்னைக் குணமாக்கப் பாக்குறாரா, கொல்லப் பாக்குறாரா?" என்று உங்களைப் பற்றிக் கேட்டாள். ஆனால் மறுநாளும் கேட்டு வாங்கிக் குடித்தாள். உங்கள் வீட்டு வாசம் அடிக்கிறது என்றாள். இதை உங்களிடம் மறைப்பது நியாயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

கதவு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரியாகிவிட்டது. எண்ணெய் போட்ட கதவுகள் சத்தமே இல்லாமல் திறப்பதால், நான் எங்கே வந்து நின்றாலும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டரிடம் போனபோது அவளே புகார் சொன்னாள்: "டாக்டர், எனக்கு மனப்பதற்றம். தாத்தா வீட்டுல பேய் மாதிரி நடமாடுறாரு. எது எதனாலன்னு எனக்கே தெரியலை." டாக்டர் என்னைப் பார்த்து, "சார், சாதாரணமா சத்தம் போட்டுக்கிட்டே நடங்க. அவ உடைஞ்சிட மாட்டா" என்றார். இப்போது அறைக்கு அறை இருமிக்கொண்டு போகிறேன். அடுத்த வீட்டார் எனக்குக் காசநோய் என்று நினைக்கிறார்கள்.

மூச்சு அடைக்கும்போது செய்ய வேண்டியதை டாக்டர் எனக்கும் கற்றுக்கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து, நாலு எண்ணும்வரை மூச்சை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. எண்ணுவது எனக்கு வரும் என்பதால் இந்தப் பொறுப்பில் ஓரளவு தைரியமாக இருக்கிறேன். வாரம் முழுவதும் ஒரே ஒரு முறைதான் வந்தது. திங்கட்கிழமை பள்ளிச் சீருடையை மடித்துப் பெட்டியில் வைக்கப்போனபோது.

சிரித்தாளா என்று கேட்டிருந்தீர்கள். குரங்குகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். குரங்குகள் எந்த வரிசை என்று கேட்டாள். அது சிரிப்பா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

பணிவுடன்,
அலோய்சியஸ் தெசேரா

*

பாலிக் புலாவ்
9 ஜூன் 2018

அலோய்சியஸ்,

என் மகன் சனிக்கிழமை உம் வீட்டுக்கு வந்து போனான். நேற்று என்னிடம் பேசினான். உம் அறை அலமாரிக் கதவில் சியூ லான் அளவுக்குச் சிவப்புப் பாவாடை தொங்கியதாம், மேலே கட்டம் போட்ட சால்வையாம். "போர்த்துகீசியக்காரங்க பிரான்யோ ஆட்டத்துக்குப் போடுற உடை மாதிரி இருந்துச்சுப்பா, நான் கேக்கலை" என்றான். அவன் எப்போதுமே கேட்க மாட்டான். நான் கேட்கிறேன்.

ஜூன் 29 உங்கள் மீனவர் புனிதருக்குத் திருவிழா. படகுக்கு வண்ணம் அடிப்பீர்கள், மேடை போட்டு ஆடுவீர்கள். உம் நாலாவது எண் என்ன சொல்லியது? கடிதம் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. எந்த வரிசையிலும் நிறுத்த மாட்டேன் என்று. என்னை வராதே என்று சொல்லிவிட்டு நீர் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறீர்?

எங்கள் டுவான் வூ பண்டிகைக்குச் சாங் கட்டி அனுப்புகிறேன், இலைக்குள் அரிசி. மூங்கில் இலையை உரித்துவிட்டுத் தின்னச் சொல்லும். அவளுக்குத் தெரியும், உமக்குச் சொல்கிறேன். இந்த முறை கட்டியது நானே, அதனால் கொஞ்சம் கோணலாக இருக்கும். அவளுக்கு உப்பு முட்டை வைத்தது சிவப்பு நூல். உம்முடையது வெள்ளை நூல். உமக்கு முட்டை கிடையாது.

கூ தெங் ஹாய்

*

உஜோங் பாசிர்
14 ஜூன் 2018

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

முட்டை இல்லாத சாங் கிடைத்தது. அதற்கு நான் தகுதியானவனே.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். திருவிழா நடனக் குழுவின் தலைவர் ஹோரஸ் மொந்தேரோ. உரத்த மனிதர். நான் அந்தக் குழுவின் செயலாளர், அதாவது அவர் பேசுவதை எழுதிக்கொள்பவன். பெண்கள் வரிசையில் ஆடிக்கொண்டிருந்த ஒருத்தி வேலை கிடைத்துச் சிங்கப்பூர் போய்விட்டாள். கூட்டத்தில் ஹோரஸ் என் பக்கம் திரும்பி, "அலோய், ஒரு ஆள் குறையுதுப்பா. உம் பேத்தி வீட்டுல சும்மாதானே இருக்கா, சின்னதுல ஆடினவதானே" என்றார். நான் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பேனாவை மூடிவிட்டு மறுபடி திறந்தேன். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு பாவாடையை வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டார். இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துத்தான் என் அறை அலமாரியில் மாட்டினேன். கூடவே, ஒருவேளை அவளுக்கே ஆசை வந்தால் என்றும் நினைத்தேன். இந்த இரண்டாவது நினைப்பை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவள் அதைப் பார்த்தாள். கோபப்படவில்லை. பாவாடையை எடுத்து இடுப்பில் வைத்து அளவு பார்த்துவிட்டு, "சரி தாத்தா. எந்தப் பக்கம் நிக்கணும்?" என்றாள்.

அவ்வளவுதான். சாதாரணக் குரல். பள்ளியில் பத்து வருடமாக இதே கேள்வியைக் கேட்டுப் பழகிய குரல் என்று எனக்கு உடனே தெரியவில்லை. சாயங்காலம் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் எண்ணினேன். முதல் முறையாக எண்ணிக்கையைத் தவறவிட்டேன்.

அதற்குப் பிறகு அறையைவிட்டு அதிகம் வருவதில்லை. இருமிப் பார்த்தேன், பதில் இருமல் வந்தது, அதுதான் இப்போது எங்கள் பேச்சு. சீருடைப் பெட்டி கட்டிலடிக்குப் போய்விட்டது. ஜூலை வரப்போகிறது. பாவாடையை ஹோரஸிடம் திருப்பிக் கொடுக்க இருமுறை அவர் வீட்டு வாசல்வரை போனேன். முதல் முறை அவர் இருந்தார். இரண்டாவது முறை அவர் நாய் இருந்தது.

நீங்கள் என்னைத் திட்டி எழுதினால் அதை நியாயமாகவே எடுத்துக்கொள்வேன்.

அலோய்சியஸ் தெசேரா

*

பாலிக் புலாவ்
18 ஜூன் 2018

அலோய்சியஸ்,

திட்டுவதற்காகத்தான் உட்கார்ந்தேன். தாளை எடுத்ததும் வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது.

செங் பெங் நாளில் முன்னோர் கல்லறைக்குப் போவோம் அல்லவா, ஏப்ரல் ஆரம்பத்தில், அந்தப் பள்ளிப் பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். என் அண்ணன் வீட்டில் பேரப்பிள்ளைகள் ஆறு பேர், வரிசையாக ஊதுவத்தி பிடித்து நிற்பார்கள். என் பக்கம் இவள் ஒருத்தி. இவளை முன்னால் தள்ளி நிறுத்தினேன், என் பக்கமும் ஆள் இருக்கிறது என்று காட்ட. அண்ணி வழக்கம்போல், "இந்தப் பொண்ணு யாரு, கறுப்பா இருக்கா?" என்றாள். நான் வழக்கம்போல், "நம்ம பூன் கியட் மகதான், கடற்கரைப் பக்கம் போய் வெயில்ல கொஞ்சம் கருத்துட்டா" என்றேன். இவள் திரும்பி ரொம்ப மரியாதையாக, "ஆமா பாட்டி, பிறந்ததுலருந்தே வெயில்" என்றாள்.

நான் சத்தமாகச் சிரித்தேன். கெட்டிக்காரி என்று ஊரெல்லாம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை என்பது இப்போது குரங்கு விரட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் ஞாபகம் வருகிறது. உம் பாவாடைக்கும் என் ஊதுவத்திக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தேன். உம்முடையது சிவப்பு.

ஆகவே வருகிறேன். 28ஆம் தேதி பேருந்து. காய் இறங்கும் நேரம், நல்ல மரம் மூன்று காத்துக்கொண்டிருக்கிறது, என் பக்கத்துத் தோட்டக்காரன் நான் செத்துப்போகிறேனா என்று கேட்டான், எந்த வருஷமும் இந்த வாரத்தில் நான் தோட்டத்தை விட்டதே இல்லை. குரங்குகள் தின்னட்டும்.

உம் ஐந்தாவது எண்ணை மடித்து வைத்துக்கொள்ளும்.

கூ தெங் ஹாய்

*

உஜோங் பாசிர்
21 ஜூன் 2018

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். ஐந்தாவது அம்சத்தை நான் இன்னும் திரும்பப் பெறவில்லை. நீங்கள் வருவதாக இருந்தால் சில வேண்டுகோள்கள் மட்டும். எண் போடவில்லை என்பதைக் கவனிக்கவும்.

பேருந்தில் டுரியான் ஏற்ற மாட்டார்கள். பெட்டிக்குள் துணி சுற்றி வைத்தாலும் ஏற்ற மாட்டார்கள். போன தடவை உங்களை ஈப்போவில் இறக்கிவிட்டது எனக்கு நினைவிருக்கிறது. வந்ததும் அவளைப் பார்த்து "இளைச்சுட்டியே" என்று சொல்ல வேண்டாம். எப்போது பள்ளிக்குப் போவாய் என்று கேட்க வேண்டாம். ஹோரஸோடு சண்டை போட வேண்டாம், நான் அவரோடு இதே தெருவில் வாழ வேண்டியவன்.

ஊதுவத்தி பற்றி நீங்கள் எழுதியதை நேற்று அவளுக்குப் படித்துக் காட்டினேன். அனுமதி கேட்காமல் செய்ததற்கு மன்னிக்கவும். கதவு வழியாகத்தான் படித்தேன், சத்தமாக. முடித்ததும் கதவு திறந்தது. "ஆ கொங்குக்கு ஞாபகம் இருக்கா?" என்றாள். பிறகு வெளியே வந்து உட்கார்ந்து, ஆறிப்போன சாங்கை முழுவதும் தின்றாள்.

எனக்குத் தைரியம் வந்து கேட்டேன். யாரும் உன்னை நிறுத்தவில்லை என்று வைத்துக்கொள், நீயாகவே போவதென்றால் திருவிழாவில் எங்கே இருப்பாய் என்று. அவள் ரொம்ப நேரம் இலையை மடித்துக்கொண்டிருந்தாள். இந்தக் கேள்வியும் தப்பாகிவிட்டது என்று நினைத்து, மூச்சுக்கு எண்ணத் தயாரானேன்.

"நாற்காலியில" என்றாள். "எல்லாரும் உக்காந்து பாப்பாங்கள்ல தாத்தா, அங்க. நான் ஒரு தடவை கூட உக்காந்து பாத்ததில்லை. முன்னாலேருந்து அது எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

அதனால் பெண்கள் வரிசைக்கு ஆள் இல்லை என்று ஹோரஸிடம் சொல்லியாக வேண்டும். நாளைக் காலை சொல்லிவிடுவேன்.

அலோய்சியஸ் தெசேரா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கத் தாமதமாகிவிட்டது. இன்று 22. இன்னும் சொல்லவில்லை.

*

பாலிக் புலாவ்
5 ஜூலை 2018

அலோய்சியஸ்,

வந்து சேர்ந்தேன். முழங்கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. வேரை அரைத்துப் பற்றுப் போட்டிருக்கிறேன். மூன்று நல்ல மரத்தில் இரண்டைக் குரங்குகள் முடித்துவிட்டன. பக்கத்துத் தோட்டக்காரன் ஒன்றைப் பொறுக்கி வைத்திருந்தான்.

நீர் கடைசிவரை அந்த ஹோரஸிடம் சொல்லவில்லை. மேடைக்குப் பின்னால் ஆட்டக்காரர்கள் தயாராக நிற்கும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், என்னைக் காட்டி, "இவரு எதோ சொல்லணுமாம்" என்றீர். என் எழுபத்து மூன்று வயதில் இப்படி ஒரு கோழையை நான் பார்த்ததில்லை. நான் சொன்னேன். அவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். ஒரு பெண் குறைந்தால் எதிர் வரிசையில் ஒரு ஆண் காற்றோடு ஆட வேண்டும், புனிதர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆள்தானே குறையுது, நான் நிக்கிறேன், பாவாடையைக் குடு" என்றேன். கோபத்தில் சொன்னதை இந்த மனிதர் உண்மையாக எடுத்துக்கொள்வார் என்று யார் கண்டது. உங்கள் ஊரில் யாருக்குமே பேச்சு வாக்கில் பேசுவது என்ற பழக்கம் இல்லையா?

பாவாடை ஏறவில்லை, நல்லவேளை. சால்வை மட்டும். எனக்கு எதிரே ஹோரஸே ஆடினார். மூன்று முறை என் காலை மிதித்தார், நான் ஐந்து முறை. யார் எந்தப் பக்கம் சுற்றுகிறார்கள் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. நாற்காலி வரிசையைப் பார்த்தேன். அவள் எந்த நிலையில் இருந்தாள் என்பதை நீர்தான் பக்கத்தில் இருந்து பார்த்தீர்.

அவள் எடுத்த படத்தை என் போனுக்கு அனுப்பியிருந்தாள். நேற்று குலக் கோவிலில் அண்ணிக்குக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "சால்வை போட்டுக்கிட்டு யாரு இது போர்த்துகீசியக் கிழவி?" என்றாள்.

"நான்தான் அண்ணி" என்றேன். "கொஞ்சம் வெயில்ல கருத்துட்டேன்."

இதை அவளிடம் சொல்லும். திங்கட்கிழமை பள்ளிக்குப் போனாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று நீர் சொன்னதால் கேட்கவில்லை. ஆனால் கேட்காமல் இருக்கிறேன் என்பதைத் தெரிந்துகொள்ளும்.

கூ தெங் ஹாய்

*

உஜோங் பாசிர்
12 ஜூலை 2018

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் கேட்காத கேள்விக்கு முதலில் பதில். போனாள்.

இதை மிகைப்படுத்த விரும்பவில்லை. கோலாலம்பூர் திரும்பிவிட்டாள்; சென்ற வாரம் திங்கட்கிழமை மார்லின் காரில் பள்ளி வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். உள்ளே போக முதல் மணி தாண்டிவிட்டது, ஆனாலும் போனாள். செவ்வாய்க்கிழமை மதியமே திரும்பிவிட்டாள். புதன்கிழமை போகவில்லை. வியாழன், வெள்ளி போனாள். டாக்டர் ரோஹானி இதை நல்ல வாரம் என்கிறார். நான் என்றால் ஐந்துக்கு மூன்றரை என்று எழுதியிருப்பேன், அதனால்தான் அவர் டாக்டர்.

உங்கள் வெயில் செய்தியைத் தொலைபேசியில் அவளுக்குப் படித்தேன். முடித்ததும், "இன்னொரு தடவை படிங்க தாத்தா" என்றாள்.

திருவிழா மாலை பற்றி நீங்கள் மேடையிலிருந்து பார்க்க முடியாததைச் சொல்கிறேன். நாங்கள் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் சால்வையோடு வந்து எதிர்ப்பக்கம் திரும்பி நின்றதும், அவள் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். தோள்கள் குலுங்கின. மூச்சு வரவில்லை. நான் பதறாமல், கற்றபடி, அவள் முதுகில் கை வைத்து உரக்க எண்ண ஆரம்பித்தேன். நாலு உள்ளே, ஆறு வெளியே. என் காது மந்தம் என்பதால் கொஞ்சம் பலமாகவே எண்ணியிருக்கிறேன். ஆட்டத்தின் தாளத்தைச் சொல்கிறேன் என்று நினைத்து முன்வரிசைக்காரர்களும் சேர்ந்து எண்ணினார்கள். வயலின்காரர் குழம்பிவிட்டார். நீங்கள் அந்த இடத்தில் இடறியதற்கு நானே காரணம்.

அவள் நிமிர்ந்தாள். முகம் முழுவதும் கண்ணீர். "தாத்தா, நிறுத்துங்க, நான் சிரிக்கிறேன்" என்றாள். அதைச் சொல்லி முடிக்கவே அவளுக்கு மூன்று முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளியில் நடந்ததை மார்லின் சொன்னாள். தேசிய தினத்துக்கு மறுபடியும் ஏதோ பாட்டாம். ஆசிரியை கையில் தாளோடு வகுப்புக்குள் வந்து, நம் பேத்தி இருக்கும் பக்கம் பார்த்து, "ஒரு வரிசையில ஆள் குறையுதும்மா" என்றிருக்கிறார். இவள் எழுந்து நின்றாளாம்.

"என் ஆ கொங்கைக் கூப்பிடுங்க டீச்சர்" என்றாளாம். "எந்த வரிசையா இருந்தாலும் நிப்பாரு. நான் உக்காந்து பாக்குறேன்."

உங்களுக்கு அழைப்பு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

என் முதல் கடிதத்தின் பிரதியை இன்று எடுத்துப் படித்தேன். முதல் மூன்று அம்சங்களும் இன்றும் நிற்கும் என்று நினைக்கிறேன். நான்காவது ஒரு வாக்குறுதி. அதை நான் மீறினேன், ஆனால் மீறிய வாக்குறுதியைத் தவறான கருத்து என்று வகைப்படுத்த முடியாது. நிறைய யோசித்துப் பார்த்துவிட்டேன். நீங்கள் வரக்கூடாது என்பதற்குச் சொன்ன குரலும், கேள்விகளும், டுரியான் சட்டையும் எல்லாம் நான் எழுதியபடியேதான் இருந்தன.

இருந்தாலும் ஐந்தாவது அம்சம் தவறு.

அலோய்சியஸ்